நினைவு, மொழி, பார்வை: அறிதல் உளவியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்கள், பெற்றோர், ஆர்வத்தில் படிப்பவர்கள் என்று பலரும் இந்தத் துறையைப் பற்றிக் கேட்பதுண்டு. எங்கே தொடங்கினாலும் கேள்விகள் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேரும்: "எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, அது எப்படித் தவறாக இருக்கும்?" தெளிவாகத் தோன்றுவது வேறு, சரியாக இருப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்து காட்டியதுதான் இந்தத் துறையின் பெரிய சாதனை என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

அறிதல் உளவியல் என்றால் என்ன? மூளை அறிவியலும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல, உறவு உண்டு. மனம் தகவலை எப்படி வாங்குகிறது, வைத்திருக்கிறது, திரும்ப எடுக்கிறது, பயன்படுத்துகிறது என்பதை நடத்தையை அளந்து கண்டுபிடிப்பது அறிதல் உளவியல். அதன் முக்கியக் கருவிகள் இரண்டு: ஒருவர் பதில் சொல்ல எத்தனை மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறார், எந்த மாதிரித் தவறு செய்கிறார். நெதர்லாந்தைச் சேர்ந்த டோண்டர்ஸ் 1868-லேயே பதில் நேரத்தை வைத்து மன வேலைகளின் நீளத்தை அளக்க முயன்றார். துறைக்கு இந்தப் பெயர் நிலைத்தது 1967-இல் உல்ரிக் நைசர் எழுதிய பாடநூலுக்குப் பிறகு. மூளை ஸ்கேன் வந்த பிறகு இரண்டு துறைகளும் நெருங்கிவிட்டன. ஆனாலும் நல்ல சோதனை ஒன்றை வடிவமைக்க இன்றைக்கும் ஒரு கணினித் திரையும் கூர்மையான கேள்வியும் போதும்.

நினைவு என்பது ஒன்றா, பலவா?

பல. இதை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். உயிரோடு இருந்தவரை ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே வரும். 2008-இல் இறந்த பிறகுதான் முழுப் பெயர் வெளியானது. கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-இல், 27 வயதில், அவருக்கு மூளை அறுவை செய்தார்கள். இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்தால், புதிதாகச் சந்திப்பது போலத்தான் இருக்கும்.

பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரைய வேண்டும். யாருக்கும் முதலில் கை திசைமாறும். மொலைசன் மூன்று நாள் பயிற்சியில் நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும், இதற்கு முன் இப்படி ஒன்றைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கை கற்றுக்கொண்டது, அது கற்றுக்கொண்டது என்பது அவருக்குத் தெரியவில்லை. நடந்ததை நினைவுகூர்வதும் திறமை பழகுவதும் மூளையின் வெவ்வேறு அமைப்புகளின் வேலை என்பது இதிலிருந்துதான் உறுதியாகத் தெரிந்தது. ஒரு நொடிக்கும் குறைவாக நிற்கும் காட்சித் தடம், சில வினாடிகள் நாம் மனத்தில் ஏந்தி வேலை செய்யும் செயல்நினைவு, சொற்பொருள்களையும் உலக அறிவையும் வைத்திருக்கும் நினைவு என்று இன்னும் பல பிரிவுகள் உண்டு.

ஒரே நேரத்தில் மனத்தில் எத்தனை விஷயங்களை வைத்திருக்க முடியும்? ஏழு என்கிறார்களே?

ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வந்த எண் அது: ஏழு, இரண்டு கூடவோ குறையவோ. ஆனால் சேர்த்துக் கட்டவும் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லவும் வழியில்லாமல் சோதித்தால் சுமார் நான்குதான் என்று நெல்சன் கோவன் 2001-இல் வாதிட்டார். இன்று பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான்.

எண்ணிக்கையைவிட "சேர்த்துக் கட்டுவது" என்பதுதான் இங்கே சுவையான விஷயம். 1, 9, 4, 5 என்பது நான்கு இலக்கம். 1945 என்று தெரிந்தவருக்கு அது ஒன்றுதான். ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கல்லூரி மாணவர் ஒன்றரை வருடத்துக்கும் மேலாகப் பயிற்சி செய்தார். தொடக்கத்தில் எல்லோரையும் போல ஏழு இலக்கம் சொன்னவர், கடைசியில் 79 இலக்கங்களைக் கேட்டபடியே திருப்பிச் சொன்னார். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். 3492 என்று கேட்டால் ஒரு மைலை 3 நிமிடம் 49.2 வினாடியில் ஓடிய நேரம் என்று முடிச்சுப் போட்டுக்கொள்வார். சரி, அவருடைய நினைவுத்திறன் வளர்ந்துவிட்டதா? இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பழையபடி ஆறுக்கு வந்துவிட்டார்.

அப்படியானால் நினைவாற்றலை வளர்க்கும் மூளை விளையாட்டுச் செயலிகள்?

மேலே சொன்ன ஓட்டக்காரர் கதைதான் பதில். எதைப் பயில்கிறோமோ அதில் தேறுவோம். அது அன்றாட வாழ்க்கையின் மற்ற வேலைகளுக்கும் பரவும் என்பதற்கு ஆதாரம் மிகவும் பலவீனம். விளையாடப் பிடித்தால் விளையாடலாம். மறதிக்கு மருந்து என்று பணம் கட்ட வேண்டாம்.

நாம் ஏன் மறக்கிறோம்?

ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்தார். 1885-இல் வெளியான அவரது முடிவு: மறதி முதல் ஒரு மணி நேரத்தில் செங்குத்தாக இறங்கும், பிறகு மெல்லச் சமனாகும். ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு பயன் எஞ்சியிருந்தது. 2015-இல் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் ஏறக்குறைய அதே வளைகோடுதான் கிடைத்தது.

காரணம் காலம் மட்டும் அல்ல. ஒன்றுபோல் இருக்கும் புதிய தகவல்கள் பழையதை மறைக்கின்றன. படித்துவிட்டுத் தூங்குபவர், அதே நேரம் விழித்திருப்பவரைவிடக் குறைவாக மறக்கிறார் என்பது 1924-லிருந்தே தெரியும். அப்புறம், பல மறதிகள் உண்மையில் மறதியே அல்ல; எடுக்க முடியாமல் போவதுதான். ஒருவர் பெயர் நாக்கின் நுனியில் நின்று வர மறுக்கும்போதும் அதன் முதல் எழுத்தையோ எத்தனை அசை என்பதையோ பலரால் சொல்ல முடிகிறது. உள்ளே இருக்கிறது, கைக்குத்தான் சிக்கவில்லை.

தேர்வுக்குப் படிக்க இந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

திரும்பத் திரும்ப வாசிப்பதை நிறுத்துங்கள். மூடிவைத்துவிட்டு, என்ன படித்தோம் என்று வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள்.

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் செய்த சோதனை இதற்கு நல்ல சான்று. ஒரு குழு ஒரு பகுதியை இரண்டு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை வாசித்து, பிறகு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் முன்னால்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. இதன் தொடர்ச்சியாகச் செய்த இன்னொரு சோதனையில் ஒரு விஷயம் என்னை மிகவும் பாதித்தது. வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் "எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்று அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். பக்கம் பழகிப்போனதைப் பாடம் புரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. எத்தனையோ மாணவர்கள் உழைத்தும் மதிப்பெண் வராமல் தங்களையே நொந்துகொள்வதற்கு இது ஒரு காரணம். அவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

இடைவெளி விட்டுப் படிப்பதும் அவ்வளவே முக்கியம். ஒரே இரவில் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட நான்கு நாளில் ஒவ்வொரு மணி நேரம் மேல். செபெடாவும் சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் கழித்து வரும் தேர்வுக்கு ஒரு நாள் இடைவெளியும், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து வரும் தேர்வுக்கு மூன்று வார இடைவெளியும் நன்றாக வேலை செய்தன.

சிலர் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால் கற்பவர்கள் என்பது?

ஆதாரம் இல்லை. விருப்பங்கள் வேறுபடும், அது உண்மை. ஆனால் விருப்பத்துக்கு ஏற்ற வழியில் சொல்லிக்கொடுத்தால் அதிகம் கற்கிறார்கள் என்று சரியான முறையில் நிறுவப்படவில்லை என்பதை 2008-இல் வந்த விரிவான மதிப்பாய்வு காட்டியது. வரைபடத்தை எல்லோரும் கண்ணால்தான் கற்க வேண்டும். உச்சரிப்பை எல்லோரும் காதால்தான்.

நான் கண்ணால் பார்த்தேன், படம் போல நினைவிருக்கிறது. அது எப்படிப் பொய்யாகும்?

பொய் சொல்வதற்கும் தவறாக நினைவிருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே பேசுவது நேர்மையானவர்களின் தவறுகளைப் பற்றி.

நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மனம் கிடைத்த துண்டுகளை வைத்துக் கதையைப் புதிதாகக் கட்டுகிறது. விடுபட்ட இடங்களைப் பொது அறிவும், பிறகு கேட்ட பேச்சும், கேள்வி கேட்டவரின் சொற்களும் நிரப்புகின்றன. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல் மட்டும் மாறியது. "மோதியபோது" என்று கேட்டால் சராசரிப் பதில் மணிக்கு 34 மைல். "நொறுங்க மோதியபோது" என்றால் 40.5 மைல். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. "மோதியபோது" கேட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "நொறுங்க மோதியபோது" கேட்ட 50 பேரில் 16 பேர்.

உணர்ச்சி மிகுந்த நிகழ்வுகள் மட்டும் அச்சுப் போலப் பதியும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, செய்தியை எங்கே, யாரிடமிருந்து கேட்டீர்கள் என்று நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம் எழுதி வாங்கிவைத்தார்கள். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் சிலரிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். ஏறத்தாழ நாலில் ஒருவர் சொன்னது முதலில் எழுதியதோடு எந்த இடத்திலும் பொருந்தவில்லை. அவர்களுடைய உறுதியோ குறையவில்லை. சொந்தக் கையெழுத்திலிருந்த தாளைக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை.

அப்படியானால் நேரில் கண்ட சாட்சி எதற்கும் உதவாதா?

அப்படிச் சொல்வது தவறு. இந்த ஆய்வுகளைப் பாதி படித்தவர்கள் அடிக்கடி இங்கே சறுக்குகிறார்கள். ஜான் விக்ஸ்டெட், கேரி வெல்ஸ் இருவரும் 2017-இல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். எந்தத் தூண்டுதலும் இல்லாமல், முறையாக நடத்திய முதல் அடையாள அணிவகுப்பில் சாட்சி காட்டும் உறுதி, அவர் சொல்வது சரிதானா என்பதற்கு நல்ல அறிகுறியாகவே இருக்கிறது. முதல்முறை தயங்கியவர் மாதக்கணக்கில் விசாரணை நடந்த பிறகு நீதிமன்றத்தில் காட்டும் உறுதிதான் நம்பத் தகாதது. அந்த உறுதியைக் கட்டியதில் நடுவில் கேட்ட கேள்விகளுக்கும், பார்த்த புகைப்படங்களுக்கும், "சரியான ஆளைத்தான் காட்டினீர்கள்" என்ற பாராட்டுக்கும் பங்கு உண்டு. அதனால் முதல் கேள்வியைத் திறந்த கேள்வியாகக் கேட்க வேண்டும், உறுதி எவ்வளவு என்பதை அந்த நிமிடமே எழுதி வாங்க வேண்டும். இது மனிதர்களின் விடுதலை சம்பந்தப்பட்ட விஷயம். அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதி என்று தெரிந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் பெரும்பான்மையானவற்றில் தவறான அடையாளம் காட்டல் இருந்தது.

எனக்கு ஒரு வயதில் நடந்தது நினைவிருக்கிறதே?

பெரும்பாலும் அது பிறகு கேட்ட கதையிலிருந்தோ புகைப்படத்திலிருந்தோ உருவானதாக இருக்கும். பெரியவர்களின் மிகப் பழைய நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்தது.

கண் கேமரா மாதிரிதானே?

முன்பகுதி மட்டும். லென்ஸ் இருக்கிறது, பிம்பம் விழித்திரையில் விழுகிறது. அதற்குப் பிறகு ஒப்புமை உடைந்துவிடும்.

கூர்மையாகத் தெரிவது பார்வையின் நடுவில் சுமார் இரண்டு பாகை மட்டுமே. கையை நீட்டினால் கட்டைவிரல் நகத்தின் அகலம். மற்ற இடமெல்லாம் மங்கல். அதை ஈடுகட்ட, கண் வினாடிக்கு மூன்று நான்கு தடவை தாவிக்கொண்டே இருக்கிறது. தாவும்போது வரும் கலங்கலை மூளை அடக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவதை நீங்கள் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகவே தெரியும்.

குருட்டுப் புள்ளியையும் சோதிக்கலாம். ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி, அதற்கு வலப்பக்கம் 10 செ.மீ. தள்ளி ஒரு கரும்புள்ளி போடுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பெருக்கல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். 35 முதல் 40 செ.மீ. தூரத்தில் புள்ளி மறையும். பார்வை நரம்பு வெளியேறும் அந்த இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. அங்கே ஓட்டை தெரிகிறதா? இல்லை, வெள்ளைத் தாள் தெரிகிறது. சுற்றியிருப்பதை வைத்து மூளை நிரப்பிவிட்டது.

ஒளியியல் மாயை என்று தெரிந்த பிறகும் அது ஏன் போவதில்லை?

பார்வை செய்யும் ஊகம் நம் அறிவைக் கலந்தாலோசிப்பதில்லை. எட்வர்ட் அடெல்சன் 1995-இல் வரைந்த சதுரங்கப் பலகைப் படத்தில் இரண்டு கட்டங்கள் ஒரே சாம்பல் நிறம். ஒன்று நிழலில் இருப்பதால் வெளுப்பாகவும் மற்றது கறுப்பாகவும் தெரியும். அளந்து பார்த்த பிறகும் அப்படியேதான் தெரியும். இதைப் பார்வையின் பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. நிழலைக் கழித்துப் பொருளின் உண்மையான நிறத்தைக் கண்டுபிடிப்பதுதான் பார்வையின் வேலை. அதை அது சரியாகச் செய்கிறது. 2015-இல் இணையமே சண்டை போட்ட உடைப் புகைப்படமும் இப்படித்தான். உடை நீலமும் கறுப்பும். ஒளி எப்படிப்பட்டது என்று ஒவ்வொருவர் மூளையும் வெவ்வேறாக ஊகித்ததால் பலருக்கு அது வெள்ளையும் பொன்னிறமுமாகத் தெரிந்தது.

கண் முன்னால் இருப்பதைப் பார்க்காமல் போக முடியுமா?

முடியும். டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோஃபர் சாப்ரிஸ் இருவரின் 1999 சோதனையில் பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், நடுவில் நடந்துபோன கொரில்லா வேடக்காரரைப் பார்க்கவில்லை. நிபுணர்களுக்கு இது நடக்காது என்று நினைத்தால், 2013-இல் வந்த ஆய்வைக் கேளுங்கள். நுரையீரல் ஸ்கேனில் கட்டி தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், அதில் செருகியிருந்த கொரில்லாப் படத்தைக் கவனிக்கவில்லை. அது அவர்கள் தேடும் கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. பலருடைய பார்வை நேராக அதன் மேலேயே விழுந்ததைக் கண்ணசைவுக் கருவி பதிவு செய்தது.

வண்டி ஓட்டும்போது போன் பேசுவதன் ஆபத்து இதுதான். கை காலியாக இருந்தாலும் உதவாது. ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும் 2001-இல் ஓட்டுநர் வேலையைப் போலிசெய்து சோதித்தபோது, போனைக் கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் சிக்னலைத் தவறவிடுவது இரு மடங்குக்கு மேல் கூடியது.

பிறவியிலேயே பார்வையில்லாதவர் பார்வை பெற்றால், தொட்டுத் தெரிந்த பொருளைப் பார்த்ததும் அடையாளம் காண்பாரா?

1688-இல் வில்லியம் மொலினோ தத்துவவாதி ஜான் லாக்கிடம் கேட்ட கேள்வி இது. முந்நூறு ஆண்டுக்கு மேல் விவாதம் நடந்தது. பவன் சின்ஹாவின் குழு இந்தியாவில் பிறவிப் பார்வைக் குறையுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சைக்கு வழிசெய்து, கூடவே இந்தக் கேள்வியையும் சோதித்தது. 2011-இல் வெளியான முடிவு: அறுவைக்குப் பின் உடனே அடையாளம் காண முடியவில்லை. ஆனால் சில நாட்களிலேயே தேறத் தொடங்கினார்கள். பார்ப்பதையும் தொடுவதையும் இணைக்க அனுபவம் வேண்டும், ஆனால் அதிக அனுபவம் வேண்டியதில்லை.

தெரியாத மொழியைக் கேட்டால் ஏன் மிக வேகமாகப் பேசுவது போல இருக்கிறது?

பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. தெரிந்த மொழியில் நாம் கேட்கும் இடைவெளிகள் நம் மூளை போடுபவை. குழந்தைகள் இதை எப்படிக் கற்கின்றன? ஜெனி சாஃப்ரனும் சகாக்களும் 1996-இல் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளில்லாத அசைகளை இடைவெளியே இல்லாமல் இரண்டு நிமிடம் கேட்கவைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை வழக்கமாக வருகிறது என்பதை மட்டும் வைத்து, "சொல்" எது, சொல்லின் எல்லையைத் தாண்டியது எது என்று அக்குழந்தைகள் பிரித்தறிந்தன. இரண்டே நிமிடம்!

வேற்று மொழிகளின் சில ஒலிகள் ஏன் நமக்கு ஒன்றாகவே கேட்கின்றன?

த, ட இரண்டும் நமக்குத் தெளிவாக வேறு. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்கள் பலருக்கு வேறுபாடு பிடிபடாது. ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அது கேட்கிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் இந்தி ஒலிகளை வைத்துக் காட்டினார்கள்: ஒரு வயது ஆவதற்குள் அந்தத் திறன் பெருமளவு குறைந்துவிடுகிறது. நமக்கும் இதே கதைதான், வேறு ஒலிகளில்.

காது மட்டும் கேட்பதும் இல்லை. "ப" என்ற ஒலியோடு "க" சொல்லும் வாயசைவைக் காட்டினால் பலருக்கு "த" போன்ற ஒன்று கேட்கிறது என்று மெகர்க்கும் மெக்டொனால்டும் 1976-இல் கண்டார்கள். ரிச்சர்ட் வாரன் 1970-இல் ஒரு சொல்லின் நடுவில் ஓர் ஒலியை வெட்டி இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் எந்த ஒலி விடுபட்டது என்று ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. குருட்டுப் புள்ளியில் நடப்பதுதான் காதிலும் நடக்கிறது.

நாம் பேசும் மொழி நம் சிந்தனையைத் தீர்மானிக்கிறதா?

தீர்மானிக்கவில்லை, ஓரளவு சாய்க்கிறது. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் கருநீலத்துக்கும் தனித்தனி அடிப்படைச் சொற்கள். 2007-இல் வந்த சோதனையில், இரண்டு நீலங்கள் அந்த எல்லையின் இருபுறமும் விழுந்தால் ரஷ்யர்கள் வேகமாகப் பிரித்தறிந்தார்கள். அதே நேரம் மனத்துக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னால் அந்த வேகம் போய்விட்டது. அதாவது, கண் மாறவில்லை. முடிவெடுக்கும்போது சொல் உதவிக்கு வந்தது.

இரண்டு மொழி பேசும் வீடு குழந்தையைக் குழப்புமா?

குழப்பாது. இரு மொழிகளையும் கலந்து பேசுவது கோளாறின் அறிகுறியும் அல்ல. இருமொழியாளர் மனத்தில் இரண்டு மொழிகளும் எப்போதும் விழித்திருக்கின்றன: ரஷ்ய மொழியில் "தபால்தலையை எடு" என்று சொன்னபோது, அச்சொல்லைப் போல ஒலிக்கும் ஆங்கிலப் பெயருடைய மார்க்கர் பேனாவின் பக்கமும் கண்கள் போனதை ஸ்பிவியும் மரியனும் 1999-இல் பதிவு செய்தார்கள். இருமொழி பேசினால் புத்தி கூடும் என்ற வாக்குறுதிக்கு ஆதாரங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பாட்டியோடு பேச முடிவதே போதுமான காரணம்.

இந்த ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்? உளவியல் முடிவுகள் திரும்பச் செய்தால் வருவதில்லை என்கிறார்களே?

நியாயமான கேள்வி. 2015-இல் ஒரு பெரிய கூட்டு முயற்சி 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தேறின. அறிதல் உளவியலைச் சேர்ந்தவற்றில் சுமார் பாதி, சமூக உளவியலில் சுமார் கால்வாசி. பாதி என்பது பெருமைப்படும் எண் அல்ல. இந்தப் பக்கத்தில் உள்ளவை எல்லாம் சமமான உறுதி கொண்டவையும் அல்ல. மறதி வளைகோடு, இடைவெளி விட்டுப் படிப்பதன் பயன், எழுதிப் பார்ப்பதன் பயன், கவனிக்காததைக் காணாமல் போவது ஆகியவை பல இடங்களில், பல கைகளில் திரும்பத் திரும்ப வந்தவை. மொழியும் நிறமும் பற்றிய முடிவுகளை அதைவிட ஒரு படி கீழே வைப்பேன். புதிய ஆய்வு எதையும் செய்தியில் பார்த்தால், எத்தனை பேரைச் சோதித்தார்கள், வேறு யாராவது அதைத் திரும்பச் செய்தார்களா என்ற இரண்டையும் முதலில் தேடுங்கள்.